டிவி டின்னர் நாட்கள்

ஒஹாயோவில் படிக்க வந்த புதிதில் என் ராத்திரிச் சாப்பாடு பெரும்பாலும் டிவி டின்னர்தான்; தட்டோடு உறையவைத்து விற்கும் முழுச் சாப்பாடு, சூடாக்கினால் போதும். மைக்ரோவேவிலிருந்து எடுத்தால் ஓரத்தில் குழம்பு கொதிக்கும், நடுவில் மசித்த உருளைக்கிழங்கு ஐஸாகவே கிடக்கும். உப்பு மட்டும் தாராளம்.

1954-இல் ஸ்வான்சன் கம்பெனி இதை அமெரிக்கா முழுக்க விற்றபோது விலை 98 சென்ட். வான்கோழிக் கறி, பட்டாணி, சர்க்கரைவள்ளி என்று மூன்று குழி போட்ட அலுமினியத் தட்டு. அடுப்பில் 25 நிமிடம் வைத்தால் போதும். இனிப்புக்கான நாலாவது குழி பின்னால் வந்தது. (அதில் எப்படியாவது நாலு சோளமணி போய் விழுந்திருக்கும். எப்படி என்று இன்றுவரை புரியவில்லை.) 1986-இல் மைக்ரோவேவுக்குத் தோதான பிளாஸ்டிக் தட்டு வந்ததும் அலுமினியம் போயிற்று.

அந்த அலுமினியத் தட்டைப் பற்றிப் பேச்செடுத்தால் இங்குள்ள நண்பர்களுக்கு முகமே மலர்ந்துவிடும். டிவி முன்னால் உட்கார்ந்து சாப்பிட்டாலும் அம்மா திட்டாத ராத்திரிகளாம். எனக்கு ஞாபகம் வருவது தனிமைதான். ஆனாலும் பதினொரு மணிக்கு லேபிலிருந்து பசியோடு வந்தவனுக்கு, யாரையும் எழுப்பாமல் சூடாக ஒன்று கிடைத்ததே! முழுசாகத் திட்ட மனசு வரவில்லை. சாலிஸ்பரி ஸ்டேக் என்ற பெயரில் வரும் அந்தக் கறி வடை மட்டும் வேண்டாம், சாமி.