மழை கொட்டும் மலையில் ஒரு செம்புத் தண்ணீர்



கொழும்பிலிருந்து அவிசாவளைக்கு வந்து, அங்கிருந்து ஹற்றன் வீதியில் திரும்பி, எட்டியாந்தோட்டைப் பக்கம் எப்போதாவது பயணம் செய்திருக்கிறீர்களா? ஒரு புறம் களனி கங்கை கூடவே வரும். மறுபுறம் மேட்டில் ஏறிப்போகும் இறப்பர்த் தோட்டங்கள். இன்னும் உயரத்தில் தேயிலை. பஸ் ஜன்னலை இழுத்து மூடுவதற்குள் மடி நனைந்துவிடும். சப்ரகமுவ மழை அப்படிப்பட்டது.

இரத்தினபுரியில் ஆண்டொன்றுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. சென்னை நகருக்குக் கிடைப்பதைப் போல இது இரண்டு மடங்குக்கும் அதிகம். இப்படியொரு மாகாணத்தில் தண்ணீருக்குக் கஷ்டம் என்று யாராவது சொன்னால் நம்புவீர்களா? நானும் நம்பவில்லை, ஒரு நாள் பகல் வரைக்கும்.

எங்களோடு படிப்பிக்கும் ஒரு டீச்சரின் தாய்வீடு, கேகாலை மாவட்டத் தோட்டமொன்றின் லயத்தில் இருக்கிறது. ஒரு விடுமுறையில் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். லுஹர் நேரம் வந்தது. வுழூ செய்யக் கொஞ்சம் தண்ணீர் கேட்டேன். டீச்சரின் தாயார் பேத்தியைக் கூப்பிட்டு, "டீச்சருக்குத் தண்ணி கொண்டாம்மா" என்றார். பத்து வயதுப் பிள்ளை ஒரு செம்பு நிறையத் தண்ணீரை, இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, சிந்தாமல் கொண்டுவந்து வைத்தது.

அந்தச் செம்பு போதவில்லை. வீட்டுப் பழக்கத்தில், யோசிக்காமல், "இன்னொரு செம்பு தாங்க மகள்" என்று கேட்டுவிட்டேன். பிள்ளை பாட்டியின் முகத்தைப் பார்த்தது. பாட்டி தலையசைத்தார். உள்ளே குடத்தைச் சரித்து ஊற்றும் சத்தம் கேட்டது. அடுத்த நிமிடம் அந்தப் பிள்ளை வெறுங்குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, வழுக்கும் பாதையில் கீழே இறங்கத் தொடங்கியது. வானம் அப்போதும் தூறிக்கொண்டுதான் இருந்தது.

மனம் கேட்காமல் நானும் பின்னால் போனேன். பள்ளத்தில் பாறையிடுக்கிலிருந்து வரும் ஊற்றுக்கு ஒரு பீலி வைத்திருக்கிறார்கள். இறங்கப் பத்து நிமிடம். நிறைகுடத்தோடு ஏற அதைவிட இரு மடங்கு நேரம். நான் கேட்ட இரண்டாவது செம்பின் விலை அதுதான்.

மழை உண்டு, தண்ணீர் இல்லை

இது எப்படி என்று கேட்பீர்கள். சரிவான நிலத்தில் மழை நிற்பதில்லை. கூரையில் விழுந்து, முற்றத்தில் ஓடி, கானில் இறங்கி, ஓடையில் கலந்து, களனி கங்கைக்கோ களு கங்கைக்கோ போய்ச் சேர்ந்துவிடுகிறது. லயங்கள் மேட்டிலும் ஊற்றுகள் பள்ளத்திலும் இருக்கும் இடங்களில், பெண்களின் தலையும் இடுப்பும்தான் தண்ணீர்க் குழாய். பெருமழை பெய்தால் ஊற்றுநீர் செம்மண் நிறமாகிவிடும். ஜனவரி, பெப்ரவரியில் மழை குறைந்தால் பீலியிலிருந்து நூல் போல ஒழுகும். இரத்தினபுரிப் பக்கத்தில் மாணிக்கக் குழிகளிலிருந்து இறைத்துவிடும் சேற்று நீரும் ஓடைகளில் கலக்கிறது.

இன்னொன்றையும் அந்தத் தாயார் சொன்னார். காலையில் மழை பிடித்துக்கொண்டால் இறப்பர் மரத்தில் பால் வெட்ட முடியாது. சிரட்டையில் பாலோடு மழைநீரும் சேர்ந்து பால் கெட்டுவிடும். வெட்டு இல்லையென்றால் அன்றைய பேரும் இல்லை. "மழை வந்தா சம்பளம் போகுது. தண்ணியாச்சும் மிஞ்சக்கூடாதா, டீச்சர்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இருக்கவில்லை.

பூசணிக்காய்த் தாங்கி

இரண்டு வருடங்களுக்குப் பிறகு மறுபடியும் போனேன். லயத்தின் கடைசிக் காம்பராவுக்குப் பக்கத்தில், பெரிய பூசணிக்காயை வெட்டாமல் வைத்தது போல ஒரு சீமெந்துத் தாங்கி. ஒரு தொண்டு நிறுவனம் பொருள் கொடுக்க, லயத்து ஆட்களே கூலியில்லாமல் கட்டியது. 5,000 லீற்றர் கொள்ளும்.

இந்தத் தாங்கி நம் நாட்டுக்குப் புதிதல்ல. 1995இலிருந்து, உலக வங்கி உதவியோடு நடந்த சமூக நீர்வழங்கல், சுகாதாரத் திட்டத்தின் கீழ், பதுளை, மாத்தறை மாவட்டங்களில் வீட்டு மழைநீர்த் தாங்கிகள் அறிமுகமாயின. 1996இல் லங்கா மழைநீர் சேகரிப்பு மன்றம் உருவானது. 2005இல் அரசாங்கம் மழைநீருக்கென ஒரு தேசியக் கொள்கையையே ஏற்றுக்கொண்டது. கடல் கடந்து பார்த்தால், தமிழ்நாட்டில் 2003இல் கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. மாலைதீவின் வெளித்தீவு மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கூரை மழையையே குடித்து வந்திருக்கிறார்கள். ஏன், நமது சீகிரியாக் குன்றின் உச்சியிலேயே, 5ஆம் நூற்றாண்டில் பாறையைக் குடைந்து மழைநீருக்குத் தடாகம் செய்திருக்கிறார்கள்.

கம்பியால் கூடு கட்டி, அதன்மேல் கோழிக்கூட்டு வலை சுற்றி, இரு பக்கமும் சீமெந்துச் சாந்து பூசுவதுதான் வேலை. மூலைகள் இல்லாததால் தண்ணீரின் அழுத்தம் எங்கும் சீராகப் பரவும், வெடிப்பு குறையும். பூசிய பின் ஒரு கிழமைக்கு மேல் ஈரம் காயாமல் வைத்திருக்க வேண்டும். புதுத் தாங்கியின் முதல் தண்ணீர் சுண்ணாம்பு வாடை வீசும். அதை வெளியே விட்டுவிட வேண்டும்.

கூரை யாருடையது?

தாங்கி கட்டுவதைவிடக் கடினமான வேலை ஒன்று இருந்தது. லயத்துக் கூரை குடியிருப்பவருக்குச் சொந்தமல்ல, தோட்டத்துக்குச் சொந்தம். பீலி அடிக்க ஆணி அறைவதற்கும் நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். அதற்கே பல மாதங்கள் அலைந்தார்களாம்.

அது முடிந்ததும் அடுத்த வழக்கு. பன்னிரண்டு காம்பராக்களுக்கும் ஒரே கூரை, ஒரே பீலி, ஒரே தாங்கி. தாங்கி கடைசி வீட்டு இஸ்தோப்புக்குப் பக்கத்தில். முதல் வீட்டார், "எங்க கூரைத் தண்ணியுந்தானே அங்க வருது?" என்று கேட்டார்கள். நியாயம்தானே? வாய்த்தகராறு பெரிதாகி, ஒரு கட்டத்தில் குழாயையே யாரோ உடைத்துவிட்டார்கள்.

கடைசியில் பெண்கள் கூடி ஒரு தீர்மானம் செய்தார்கள். வீட்டுக்கு நாளொன்றுக்கு இரண்டு வாளி. குடிக்கவும் சமைக்கவும் மட்டும். குளிப்பும் உடுப்புக் கழுவலும் பழையபடி பீலியில். பூட்டுப் போட்ட குழாயின் சாவி, லயத்திலேயே வயதில் மூத்த பெண்ணிடம். நோயாளியோ கைக்குழந்தையோ உள்ள வீட்டுக்கு ஒரு வாளி அதிகம்.

கணக்குப் பாருங்கள். வாளிக்கு 15 லீற்றர் என்றால் 12 வீட்டுக்கு நாளொன்றுக்கு 360 லீற்றர். நிறைந்த தாங்கி, மழையே இல்லாவிட்டாலும், ஏறத்தாழ 14 நாட்களுக்கு வரும். ஜனவரி வறட்சிக்கு இது போதாது என்பது அவர்களுக்கும் தெரியும். ஆனால் மழைக்காலத்தில் கலங்கிய ஊற்றுநீரைக் குடிக்க வேண்டியதில்லை. பிள்ளைகள் பாடசாலைக்குப் பிந்திப் போவதும் குறைந்திருக்கிறது.

உங்கள் வீட்டுக்கு

உங்களுக்குச் சொந்தக் கூரை இருந்தால் நீங்கள் பாக்கியசாலி. ஒரு சதுர மீற்றர் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை விழுந்தால் ஒரு லீற்றர் தண்ணீர். ஐந்தில் ஒரு பங்கு வீணாகும் என்று கழித்துக்கொள்ளுங்கள். 20 சதுர மீற்றர் அளவுள்ள ஒரு சின்னக் கூரைக்கே, 3,500 மில்லிமீற்றர் மழை பெய்யும் இடத்தில், வருடத்துக்கு 56,000 லீற்றர் கிடைக்கிறது. நாளுக்கு 150 லீற்றருக்கு மேல்!

சில விடயங்களைக் கவனத்தில் வையுங்கள். பல நாள் வெயிலுக்குப் பின் வரும் முதல் மழை கூரையைக் கழுவட்டும். அதைத் தாங்கிக்குள் விடாதீர்கள். குருவி எச்சமும் இலைச் சருகும் அதோடு போகும். தாங்கியின் வாய்களுக்கெல்லாம் நுண்ணிய வலை போடுங்கள். இல்லையென்றால் டெங்கு நுளம்பை நீங்களே வளர்த்தவர்களாவீர்கள். குழாயை அடியிலிருந்து நான்கு விரல் உயரத்தில் வையுங்கள்; வண்டல் வராது. வருடத்தில் ஒரு முறை, தண்ணீர் குறைந்திருக்கும்போது கழுவுங்கள். குடிக்கும் தண்ணீரைக் கொதிக்க வையுங்கள். பழைய அஸ்பெஸ்டஸ் கூரையைத் தேய்த்துக் கழுவப் போகாதீர்கள்; அதன் தூசி நெஞ்சுக்குக் கேடு.

மழைநீரில் உப்பு இல்லாததால் முதலில் சப்பென்றிருக்கும். ஆனால் சவர்க்காரம் நன்றாக நுரைக்கும்; பருப்பு சீக்கிரம் வேகும்; கேத்தலில் வெள்ளைப் படிவு பிடிக்காது. அந்தத் தண்ணீரில் ஊற்றிய தேநீரின் நிறத்தைத் தோட்டத்தில்தான் பார்க்க வேண்டும்.

மலையில் இருப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. 2016 மே 17ஆம் திகதி அரநாயக்கவில் மலை சரிந்து கிராமங்களை மூடியதை நாம் மறக்க முடியாது. நிறைந்த 5,000 லீற்றர் தாங்கியில் உள்ள தண்ணீர் மட்டும் 5 தொன் பாரம். அதை மண் நிரப்பிய விளிம்பில் வைக்காதீர்கள். நிரம்பி வழியும் தண்ணீரை வீட்டுப் பின்சரிவில் ஊறவிடாமல், கான் வெட்டி ஓடைக்கு அனுப்புங்கள். நேரான சுவருள்ள ஒரு பேணியை வெட்டவெளியில் வையுங்கள். ஒரு நாளைக்குள் அதில் 75 மில்லிமீற்றர், அதாவது மூன்று அங்குல அளவு தண்ணீர் சேர்ந்தால், மண்சரிவைப் பற்றி விழிப்பாயிருக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. நிலத்தில் வெடிப்போ, புதிதாகக் கசியும் கலங்கல் நீரோ தெரிந்தால், தாங்கியையும் பாத்திரத்தையும் பார்க்காமல் பிள்ளைகளோடு வெளியேறுங்கள்.

அந்த இரண்டாவது பயணத்திலும் லுஹர் நேரம் வந்தது. பன்னிரண்டு வயதாகிவிட்ட அதே பிள்ளை, இம்முறை ஒரு வாளி நிறையத் தண்ணீரைக் கொண்டுவந்து வைத்தது. "எவ்வளவு வேணும்னாலும் எடுங்க டீச்சர்" என்று சிரித்தது. அந்த வீட்டின் அன்றைய இரண்டு வாளியில் ஒன்று அது என்பது எனக்குத் தெரியும். ஒரு செம்பில் வுழூவை முடித்துக்கொண்டு, மிச்சத்தை அப்படியே அடுப்படிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

வாசகர்களே, அடுத்த மழைக்கு உங்கள் வீட்டு இறவாரத்தின் கீழ் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். எத்தனை குடம் ஓடிப்போகிறது என்று எண்ணுங்கள். பிறகு ஒரு பீலியின் விலையை விசாரியுங்கள்.