போடி பாசஞ்சருக்கு எந்த எஞ்சின்?

பேரையூருக்கு ரயில் கிடையாது. அன்றும் இல்லை, இன்றும் இல்லை. ரயில் பார்க்க வேண்டுமென்றால் திருமங்கலத்துக்கோ உசிலம்பட்டிக்கோ பஸ் ஏற வேண்டும். எனக்கு உசிலம்பட்டிதான் பிடிக்கும். அத்தை வீடு அங்கே என்பது ஒரு காரணம். திருமங்கலத்தில் பெரிய வண்டிகள் நம்மைச் சட்டை செய்யாமல் ஓடிவிடும் என்பது இன்னொன்று. உசிலம்பட்டிக்கு வரும் போடி பாசஞ்சர் அப்படியில்லை. சாவகாசமாக வந்து நிற்கும், சாக்கு மூட்டையோடு வருகிறவர்களுக்கும் பொறுத்திருக்கும், பிறகு ஆண்டிபட்டிக் கணவாயைப் பார்த்து உறுமிக்கொண்டு கிளம்பும்.

அந்த வண்டியைச் சிறிய அளவில் செய்து மேசைமேல் ஓட்டிப் பார்க்கும் ஆசை இப்போது பிடித்துக்கொண்டிருக்கிறது. பெட்டிகளைச் செய்துவிடலாம். எஞ்சின்தான் சிக்கல். 'டீசல் எஞ்சின்தானே, எதையாவது மாட்டு' என்கிறார்கள் வீட்டில். எதையாவது மாட்டினால் அது போடி வண்டி ஆகாது.

1928-ல் திறந்த அந்தத் தடம், 2010 கடைசியில் மூடப்படும்வரை மீட்டர் கேஜ். அதில் நான் பார்த்து வளர்ந்த டீசல் ஒய்டிஎம்-4. 'ஒய்' என்றால் மீட்டர் கேஜ், 'டி' டீசல், 'எம்' பயணி வண்டி, சரக்கு வண்டி இரண்டுக்கும் பொது. அறுபதுகளின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஆல்கோ நிறுவனத்திடமிருந்து வந்த வடிவம். பிறகு வாரணாசியிலேயே கட்டினார்கள். ஆறு அச்சு, ஆறு சிலிண்டர், சுமார் 1,400 குதிரைத்திறன். 1977 ஆகஸ்ட் 15 அன்று ஓடத் தொடங்கிய வைகை எக்ஸ்பிரஸை மீட்டர் கேஜில் விரட்டியதும் இந்த வகைதான். சென்னைக்குப் பறந்ததும் உசிலம்பட்டியில் காத்து நின்றதும் ஒரே ஜாதி எஞ்சின் என்பதில் எனக்கு இன்றும் ஒரு பெருமை.

பலரும் ஆசைப்படுவது டபிள்யூடிஎம்-2. 2,600 குதிரைத்திறன், கம்பீரமான வண்டிதான். ஆனால் அது அகலப்பாதைக்காரன். பழைய போடித் தடத்தில் அதற்கு வேலையே இல்லை. பொம்மைத் தண்டவாளத்திலும் இந்த வேறுபாடு உண்டு. 87-ல் ஒரு பங்கு அளவில் சாதாரணமாகக் கிடைக்கும் தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீட்டர். அது நான்கடி எட்டரை அங்குலப் பாதைக்கான கணக்கு. மீட்டர் கேஜுக்கு 12 மில்லிமீட்டர் வேண்டும். அந்த நாலரை மில்லிமீட்டரை விட்டுக்கொடுத்தால், என் கண்ணுக்கு உசிலம்பட்டி மறைந்துவிடும்.

எஞ்சின் முடிவானாலும் ஆண்டு முடிவாக வேண்டும். தொண்ணூறுகளின் நடுப்பகுதிவரை பெட்டிகள் கருஞ்சிவப்பு. அதன்பின் நீலம் பரவியது. எஞ்சின் வண்ணமோ ஷெட்டுக்கு ஷெட் மாறும். கருஞ்சிவப்புப் பெட்டிக்கு முன்னால் பிற்காலப் பூச்சோடு ஓர் எஞ்சினை நிறுத்தினால், விஷயம் தெரிந்தவர் சிரிப்பார். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: ஒய்டிஎம்-4-க்கு டிரைவர் அறை ஒன்றுதான், அதுவும் ஒரு முனைக்கு அருகில். எஞ்சினைத் திருப்பாமல் மறுபக்கம் மாட்டினால் நீண்ட மூக்கு முன்னே வரும். போகும்போது ஒரு முகம், திரும்பும்போது வேறு முகம். பொம்மை வண்டியிலும் அப்படித்தான் ஓட வேண்டும்.

2022 மே மாதம் தேனி வரைக்கும், 2023 ஜூனில் போடி வரைக்கும் அகலப்பாதையில் ரயில் திரும்பிவிட்டது. நல்லதுதான். ஆனால் இன்றைய வண்டியைச் செய்ய விரும்புகிறவர் என் பட்டியலைக் கையில் எடுக்கக் கூடாது. அவருக்கு எஞ்சின், பெட்டி, தண்டவாளம் எல்லாமே வேறு.

எனக்குத் தொண்ணூறுகளின் தொடக்கமே போதும். உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனிப் பக்கத்து வீடுகளில் பழைய ஆல்பம் இருந்தால் புரட்டிப் பாருங்கள். கல்யாணக் கூட்டத்துக்குப் பின்னால் ஒரு எஞ்சின் நின்றிருக்கலாம். ஆறில் தொடங்கும் நான்கு இலக்க எண் தெரிந்தால், அதையும் படம் எடுத்த ஆண்டையும் படத்தின் பின்புறம் எழுதி வையுங்கள்.