நைனியப்பர் வழக்கும் ஒரு மதிப்புரையும்

என் தங்கையின் பேத்தி எம்.ஏ. வரலாறு படிக்கிறாள். புதுச்சேரியைப் பற்றிய வரலாற்று நூல் ஒன்றைத் தானே தேர்ந்தெடுத்து வகுப்பில் மதிப்புரை வாசிக்க வேண்டுமாம். "தாத்தா, உங்களுக்குத்தான் பிரெஞ்சு தெரியுமே, நல்லதா ஒண்ணு சொல்லுங்க" என்று வந்தாள்.

ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்புதான் முதலில் நினைவுக்கு வந்தது. ஆனால் அது வரலாறு எழுதுகிறவர்களுக்கு மூலம். வாத்தியார் கேட்டது அதை வைத்து ஒருவர் எழுதிய நூலை. மாலிசனின் நூல் 1868இல் வந்தது. ஆங்கிலேயக் கர்னல், கதை போல எழுதுவார். நாட்குறிப்பின் ஆங்கில மொழிபெயர்ப்பு வெளிவரத் தொடங்கியதே 1904இல்தான் என்பதை மறக்காமல் படிக்க வேண்டும். மர்த்தினோ துய்ப்ளேவைப் பற்றி நான்கு பெரிய தொகுதிகள் எழுதியிருக்கிறார். அவரும் இங்கே குவர்னராக இருந்தவர். ஓர் அதிகாரியைப் பற்றி அதே நாற்காலியில் உட்கார்ந்த இன்னோர் அதிகாரி எழுதும் குறிப்பை எப்படிப் படிக்க வேண்டும் என்று ஆபீசில் வேலை பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எப்படியும் அவளுக்குப் பிரெஞ்சு தெரியாது.

கடைசியில் டேனா ஆக்மோன் என்பவர் ஆங்கிலத்தில் எழுதி 2017இல் வந்த 'எ கலோனியல் அஃபேர்' என்ற நூலை எடுத்துக்கொள்ளச் சொன்னேன். நைனியப்பரின் வழக்குதான் அதன் பொருள். நம் ஊரில் நைனியப்பப் பிள்ளை வீதி வழியாக நடக்கிறோமே, அவர் யார் என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருப்போம்?

கம்பெனியின் தலைமைத் தரகர் அவர். ஆனந்தரங்கருக்கு உறவு. 1716இல் குவர்னர் எபேர் அவரைக் கைது செய்தார். கிறிஸ்தவர் ஒருவரே அந்த வேலையில் இருக்க வேண்டும் என்று ஏசு சபைப் பாதிரியார்கள் வெகுநாளாக வற்புறுத்தி வந்தார்கள். கொடுங்கோன்மை, கலகம் என்று குற்றம் சாட்டி, கடைத்தெருவில் 50 கசையடி. சொத்தும் போயிற்று. 1717இல் சிறையிலேயே இறந்தார். பிறகு பிரான்சுக்கு முறையீடு போய்த் தீர்ப்பு ரத்தானது. மகன் குருவப்பர் பிரான்சுக்கே போய், ஞானஸ்நானம் பெற்று, செவாலியே பட்டத்தோடு திரும்பி, அதே தரகர் வேலையில் அமர்ந்தார்.

பேத்தி இதை அழகாகச் சுருக்கி எழுதிக் கொண்டுவந்தாள். "இது கதைச் சுருக்கம்மா, மதிப்புரை எங்கே?" என்றேன். நோட் போடுகிற குமாஸ்தா கடிதத்தைத் திருப்பி எழுத மாட்டான். கேட்பது என்ன, ஆதாரம் எது, கோப்பில் இல்லாதது எது என்றுதான் பார்ப்பான்.

அவளை விசாரணைப் பகுதிக்குத் திரும்பப் போகச் சொன்னேன். நைனியப்பருக்குப் போர்த்துகீசு நன்றாகத் தெரியும். அந்தக் காலத்தில் இந்தக் கரையில் வியாபாரமே அதில்தான் நடந்தது. ஆனால் அவரிடம் பிரெஞ்சில் கேட்டு, ஒரு மொழிபெயர்ப்பாளர் வழியாகத் தமிழில் சொன்னார்கள். அந்த மொழிபெயர்ப்பாளர், ஏசு சபையின் உபதேசியார் மகன். நூலாசிரியர் இந்த இடத்தில் நின்று நிதானமாகப் பேசுகிறார். என்னைக் கேட்டால் நூலின் உயிரே அங்கேதான்.

எனக்கு அது ஏட்டுப் படிப்பு மட்டுமல்ல. 1962க்குப் பிறகும் வெகுகாலம் எங்கள் பிரிவுக்குப் பிரெஞ்சுப் பத்திரங்களோடும் எத்தா சிவில் நகல்களோடும் ஆட்கள் வருவார்கள். தாத்தா கையெழுத்துப் போட்டிருப்பார், என்ன எழுதியிருக்கிறது என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. நான் படித்துச் சொல்லும்போது அவர்கள் தாளைப் பார்க்க மாட்டார்கள், என் வாயையே பார்ப்பார்கள். அந்த நேரத்தில் ஒரு சொல்லை நான் மாற்றிச் சொல்லியிருந்தால் ஒரு வீடு கைமாறியிருக்கும், கேட்க ஆளில்லை.

ஒரே வழக்கை ஒவ்வோர் அதிகாரத்திலும் வேறு வேறு கோணத்தில் நூல் மறுபடி சொல்கிறது. எனக்கு நடுவில் கொஞ்சம் அலுத்தது. பேத்திக்கு அலுக்கவில்லை. அவள் மதிப்புரையில் கடைசியாகச் சேர்த்தது வேறு விஷயம். கைதானவரின் முறையீடுகள்கூட நமக்குக் கிடைப்பது பிரெஞ்சில்தான். அவர் தமிழில் என்ன சொன்னார் என்பது அந்தக் கட்டுகளில் எங்கும் இல்லை.