செயினை யார் முறுக்குவது?

எங்கள் காலனியில் டிராக்டர் ஓட்டத் தெரிந்தவர்கள் ஏராளம். சொந்த டிராக்டர் ஒன்றுகூட இல்லை. வண்டி ஊர்த்தெருவில் நிற்கும். ஓட்டுகிற கை சேரியிலிருந்து போகும். ஓட்டலாம், ஆனால் ஸ்பேனரைத் தொடக்கூடாது. என் தம்பி ஓட்டிய வண்டியில் கலப்பை ஒருபக்கமாக ஆடி டயரைக் கிழித்தது. "உனக்கு ஓட்டத் தெரியலைடா" என்று முதலாளி கூலியில் பிடித்தார். காரணம் ஓட்டம் அல்ல, தொளதொளவென்று கிடந்த செயின்.

இந்தச் சங்கதி நம் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கருவியை மாட்ட டிராக்டரின் பின்னால் கீழே இரண்டு லிங்க், மேலே ஒரு டாப் லிங்க். கீழ் லிங்க் இரண்டும் பக்கவாட்டில் ஆடும். அந்த ஆட்டத்துக்கு எல்லை போடுவதுதான் ஸ்டெபிலைசர். அதில் செயினும் உண்டு, கம்பியும் உண்டு. செயின் இழுப்பை மட்டும் தாங்கும். வலப்பக்கம் ஆடினால் இடப்பக்கச் செயின் பிடிக்கும். ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து பின் போட்டு நிற்கும் கம்பி, இழுப்பையும் தள்ளலையும் தாங்கும். கொத்துக் கலப்பைக்குச் செயின் போதும். ரோட்டவேட்டர் அடிக்கடி ஓட்டுகிறவருக்குக் கம்பி நல்லது.

கருவியைத் தரையில் இறக்கி, எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்துவிடுங்கள். கீழ் லிங்கிலிருந்து டயரின் உட்பக்கம் வரை இரண்டு பக்கமும் அளந்து, கருவியை நடுவில் கொண்டுவாருங்கள். உழவுக் கலப்பைக்குப் பக்கத்துக்கு இரண்டு அங்குலம் போல ஆட்டம் விடலாம். அப்போதுதான் அது டிராக்டரின் பின்னால் தானே நேராகி வரும். ரோட்டவேட்டருக்கு ஆட்டமே கூடாத அளவு இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் பிடிஓ ஷாப்ட் அடி வாங்கும். லாக் நட்டை மறக்காதீர்கள்.

பிறகு மெதுவாக முழு உயரத்துக்குத் தூக்கிப் பாருங்கள். தரையில் சரியாக இருந்த செயின் மேலே போகும்போது விறைத்து, மாட்டியிருக்கும் பிராக்கெட்டையே வளைத்துவிடக்கூடும். அப்படி விறைத்தால் இறக்கி, கொஞ்சம் தளர்த்துங்கள். ரோட்டில் போகும்போது தூக்கிய கருவி டயரைத் தொடக்கூடாது. முட்டுக் கொடுக்காமல் தூக்கிய கருவிக்கு அடியில் யாரும் போகவேண்டாம், முதலாளி சொன்னாலும்.

வேளாண் இயந்திரங்களுக்கான மத்திய அரசுத் திட்டத்தில் பட்டியல் சாதி விவசாயிகளுக்கு 50 விழுக்காடு வரை மானியம் உண்டு. நம் பெயரில் மானியம் வாங்கி, வண்டியை வேறொருவர் கொட்டகையில் நிறுத்துகிற கதை நமக்குப் புதிதல்ல. கையெழுத்துக்கு மட்டும் நாம் வேண்டும். சாவியும் ஸ்பேனரும் அவர்களிடம் இருக்கும்.

ஆகவே, தோழர்களே, வேலைக்கு ஏறும் முன் செயினைப் பார்க்கும் உரிமையைக் கேளுங்கள். தளர்ந்திருந்தால் நான்கு பேர் முன்னால் சொல்லிவிட்டு, முறுக்கிய பிறகே ஏறுங்கள். முறுக்க விடாத வண்டியின் சேதத்துக்குக் கூலியில் பிடித்தம் என்றால், ஒருவராக நிற்காமல் சேர்ந்து போய்க் கேளுங்கள்.