ஒற்றை நாணயம்

மலருக்குக் கட்டுரை வேண்டுமெனக் குழுவினர் கேட்டபோது, தமிழாசிரியராகிய யாம் இலக்கியம் பற்றியோ சமயநெறி பற்றியோ எழுதுவோம் என்றே எண்ணியிருப்பர். யாம் எடுத்துக்கொண்ட பொருளோ தொலைக்காட்சித் திரையில் ஆடப்படும் விமான விளையாட்டு. நகைக்க விரும்பும் அன்பர் இறுதிவரை படித்தபின் நகைப்பாராக.

விளையாட்டின் இயல்பை முதற்கண் கூறுவாம். திரையின் அடியில் ஒரு சிறு விமானம் நிற்கும். நிலமும் கடலும் மேலிருந்து கீழாக நகர்ந்துகொண்டே இருக்கும். பகை விமானங்கள் அணியணியாய் இறங்கிக் குண்டு பொழியும். ஆடுவோன் அவற்றைச் சுட்டு வீழ்த்தித் தன்மேல் வருவனவற்றுக்கு விலகி முன்னேறல் வேண்டும். பெரும்பாலானவற்றில் ஒரு குண்டு பட்டாலே ஓர் உயிர் போய்விடும்.

இதனை வளர்த்த நாடு யப்பான். 1978 இல் தைற்றோ நிறுவனத்துக்காக நிஷிகாடோ தொமொஹிரோ அமைத்த 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' வழிகாட்டிற்று. 1984 இல் கப்கொம் நிறுவனம் '1942' என்னும் விளையாட்டை வெளியிட்டது. இவை விளையாட்டுக் கூடங்களில் நாணயம் விழுங்கும் பெட்டிகளாய் நின்றன. ஆடுவோன் விரைவில் தோற்றல் கூடம் நடத்துவோனுக்கு இலாபம். ஆயினும், 'இன்னும் ஒருமுறை ஆடினால் வெல்வேன்' என்ற நம்பிக்கை தோற்றவனுக்கு இல்லையாயின் மறு நாணயம் வாராது. ஆகவே இவற்றுட் பலவற்றில் பகைவர் வரும் இடமும் நேரமும் ஓர் ஒழுங்கில் அமைந்தன. எங்கே வீழ்ந்தோம் என்று உற்றுநோக்குபவன் அடுத்த முறை அவ்விடத்தைக் கடப்பான்.

1983 இல் நின்ரெண்டோ வெளியிட்ட 'பமிலி கொம்பியூற்றர்' முதலிய பெட்டிகளின் வழியே இவ்விளையாட்டுக்கள் வீடு புகுந்தன. '1942' அப்பெட்டிக்கு வந்தது 1985 இல். வீடு வந்தபோது இரண்டு மாற்றங்கள் நேர்ந்தன. கூடத்துத் திரை உயர்ந்து நின்றது. வீட்டுத் தொலைக்காட்சியோ அகன்று கிடந்தது. இதனால் காட்சியைக் குறுக்க வேண்டியதாயிற்று. 1997 இல் சேகா சற்றேண் பெட்டிக்கு வந்த 'டொடொன்பச்சி' போன்றவற்றில், தொலைக்காட்சியையே பக்கவாட்டில் சரித்து வைத்து ஆடவும் வழி செய்தனர். இது சிறு மாற்றமே. நாணயம் மறைந்ததுதான் பெருமாற்றம்.

எம் இளமையில், 1990 களில், கொழும்பிலே உறவினர் இல்லத்தில் அத்தகைய பெட்டியின் போலி ஒன்று இருந்தது. விடுமுறை நாட்களில் '1942' ஆடினோம். செந்நிற விமான அணியை முழுதும் வீழ்த்தினால் வலிமை தரும் பரிசு கிட்டும்; பெரிய விமானம் சில வேளை பின்னிருந்து எழும்; குட்டிக்கரணமிட்டுத் தப்பும் வாய்ப்புச் சிலமுறையே உண்டு. இவற்றை எமக்கு எவரும் சொல்லித் தரவில்லை. வீழ்ந்து வீழ்ந்தே அறிந்தோம்.

அண்மையில் எம் தமக்கையாரின் மகன், பதினான்கு வயதினன், அதே விளையாட்டைப் புதிய பெட்டியில் ஆடக் கண்டோம். 2021 இல் கப்கொம் வெளியிட்ட 'ஆர்க்கேட் ஸ்ரேடியம்' என்னும் தொகுதியில் அஃது உண்டு. அங்கே ஒரு பொத்தானை அழுத்தினால் நாணயம் இட்டதாகும். மற்றொன்றை அழுத்தினால் காலமே பின்னோக்கிச் செல்லும். வீழுந்தோறும் பொத்தானை அழுத்தி முப்பத்திரண்டு கட்டங்களையும் அவன் ஒரே மாலையில் முடித்துவிட்டான்.

"முடித்துவிட்டேன் மாமா, ஆனால் ஒன்றும் பழகவில்லை" என்றான்.

"அப்படியாயின் ஒற்றை நாணயத்தோடு ஆடிப் பார்" என்றோம்.

மறுநாள் அவன் நான்காம் கட்டத்தைத் தாண்டவில்லை. ஆனால் எவ்விடத்தில், எதனால் வீழ்ந்தான் என்பதை எமக்கு விளக்கிச் சொன்னான். முதல்நாள் அவனால் அது கூடவில்லை. இவ்விளையாட்டில் வல்லோர் பலரும் ஒற்றை நாணயத்தில் முடிப்பதையே முடித்தலாகக் கொள்வர். அவர்களை வற்புறுத்துவார் எவருமில்லை. கூடத்தான் இலாபத்துக்காக இட்ட கட்டுப்பாட்டை அவர்கள் தாமாகவே ஏற்றுக்கொண்டனர்.

1988 இல் ரோப்பிளான் நிறுவனம் வெளியிட்ட 'தற்சுஜின்' இன்னும் கடுமையானது. வல்லுநர் என்பது அப்பெயரின் பொருள். உயிர் இழந்தவன் ஈட்டிய படைக்கல வலிமையையும் இழந்து, கடந்த வழியிற் சிறிது பின்னே போய் நிற்பான். கொடுமை எனத் தோன்றும். எனினும் அவன் நிற்கும் இடம், தவறிய இடத்துக்குச் சற்று முன்னரே.

வகுப்பறையில் யாம் இதனைப் பலகாலும் நினைப்பதுண்டு. மாணவன் ஒருவன் கட்டுரைத் தாளெங்கும் செம்மைக் கோடுகளைக் கண்டு, "எனக்குத் தமிழ் வராது ஐயா" என்று தாளை மடித்து வைத்தான். அவனை அருகிருத்தி ஒவ்வொரு பிழையையும் எண்ணினோம். பெரும்பாலானவை ஒரே பிழை: இரண்டாம், நான்காம் வேற்றுமை உருபுகளின் பின் வல்லினம் மிகும் என்பதை அவன் அறிந்திலன். இருபது இடங்களில் வீழ்ந்ததாக எண்ணியவன் உண்மையில் ஓரிடத்திலேயே வீழ்ந்திருந்தான். மாதிரிக் கட்டுரை ஒன்றை மனனஞ் செய்யக் கொடுத்திருந்தால் புள்ளி கூடியிருக்கும். அந்த இடத்தை அவன் என்றும் கண்டிரான்.

இன்று கைத்தொலைபேசி விளையாட்டுக்கள் பல, உயிர்களைக் காசுக்கு விற்கின்றன. வீட்டில் மறைந்த நாணயம் வேறு வழியாய் மீண்டுவிட்டது. வீழ்ந்த இடத்தை நோக்குமுன் அடுத்த உயிரை வாங்கச் சொல்லும் விளையாட்டுக்கும், மீண்டும் முயன்று கற்கச் செய்யும் விளையாட்டுக்கும் வேற்றுமை உண்டு. விளையாட்டே கூடாதென்று தடுக்கும் பெற்றோர் இவ்வேற்றுமையை அறிந்து தடுப்பின் நன்று.

மாணவச் செல்வர்காள்! தேர்வில் ஒருமுறை தவறின், 'தவறினேன்' என்பதோடு நில்லாது, எந்த வினாவில், எந்த வரியில் தவறினேன் என்று நோக்குங்கள். பழைய மாணவராகிய அன்பர்காள்! நும் இல்லத்துப் பிள்ளை தோற்று வந்து நிற்கும்போது, எத்தனை புள்ளி என்று கேளாது, எங்கே தவறிற்று என்று கேளுங்கள். அவன் மறுமொழி கூறும்வரை பொறுத்திருங்கள்.

நம் கல்லூரி நீடு வாழ்க!