மாமையும் மொமெடசோனும்

சுவடி பார்ப்பதற்கென்று வாங்கிய உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்று பல ஆண்டுகளாக நம் மேசையில் கிடக்கிறது. சென்ற சித்திரையில் ஓர் இரவு, அதைக் கொண்டு நாம் வாசித்தது ஒரு களிம்புக் குழாயின் முதுகை.

மகள் வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். பொங்கலுக்கு வந்தபோது அவள் கன்னத்துப் பருக்களைக் காணோம். முகம் புளிபோட்டுத் துலக்கிய குத்துவிளக்குப் போல இருந்தது. "என்னடி, மூஞ்சி இப்படித் தெளிஞ்சிருக்கு!" என்று வியந்தோம். அதோடு நில்லாமல் நாத்தனாரை அழைத்துக் காட்டிப் பெருமையும் பட்டுக்கொண்டோம். பின்னால் நடந்தவற்றில் நம் பங்கு அந்த ஒரு வாக்கியம்தான் என்பதால் அதை மறைக்காமல் எழுதிவைக்கிறோம்.

சித்திரையில் வந்தவளுக்கு வேறு முகம். கன்னங்கள் இரண்டும் செக்கச்செவேலென்று எரிந்தன. தாடையோரம் பூனைமயிர் அரும்பியிருந்தது. பருக்கள் முன்னிலும் நெருக்கமாகத் திரும்பியிருந்தன. க்ரீம் தீர்ந்து பத்து நாளாகிவிட்டது என்றாள். "இன்னொரு ட்யூப் வாங்கிப் போட்டா அடங்கிடும்மா. போன தடவையும் அப்படித்தான் அடங்குச்சு." இந்தச் சமாதானந்தான் நம்மைத் திடுக்கிட வைத்தது. நிறுத்தினால் முகம் கெடுகிறது, தொடர்ந்தால் அடங்குகிறது என்றால், அதைப் பூச்சு என்று சொல்வதா, பழக்கம் என்று சொல்வதா?

அன்றிரவு வீட்டிலுள்ள பூச்சுகளையெல்லாம் மேசைமேல் பரப்பினோம். மாமியாரின் சிவப்பழகு க்ரீம், நாம் பனிக்காலத்தில் பூசும் ஈரப்பூச்சு, உறவுப்பெண் ஒருத்தி விட்டுச்சென்ற சீரம் குப்பி, வாசலின் டப்பா, கடைசியாக மகளின் குழாய்.

உள்ளடக்கப் பட்டியலுக்கு ஓர் இலக்கணம் இருக்கிறது. நூற்றுக்கு ஒரு பங்குக்கு மேல் உள்ள பொருள்கள் அளவின் இறங்குவரிசையில் வரவேண்டும். ஒரு பங்கும் அதற்குக் குறைந்தனவும் அவற்றின் பின்னே எந்த வரிசையிலும் வரலாம். இதை அறிந்தபின் பட்டியல் பேசத் தொடங்கிவிடுகிறது. ஈரப்பூச்சின் பெட்டியில் குங்குமப்பூவும் சந்தனக்கட்டையும் பெரிதாக வரைந்திருந்தார்கள். பட்டியலில் அவை ஃபீனாக்ஸிஎத்தனால் என்ற பதனப்பொருளுக்கும் பின்னால் நின்றன. ஐரோப்பிய விதிப்படி அந்தப் பதனப்பொருளுக்கே உச்சவரம்பு ஒரு சதவீதம். அதற்கும் பின்னே நிற்கும் குங்குமப்பூவின் அளவை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

பெயர்களும் நம்மைப் போன்றவர்களுக்கு நல்ல வேட்டை. 'அக்வா' என்றால் வெறும் தண்ணீர். 'கோகஸ் நூசிஃபெரா' நம் தேங்காய். 'குர்குமா லாங்கா' நம் மஞ்சள். 'சீட்டைல் ஆல்கஹால்' என்பதைக் கண்டு முதலில் முகம் சுளித்தோம். அது சாராய வகையன்று, மெழுகு போன்ற கொழுப்புப் பொருள், தோலை மிருதுவாக்குவது. திமிங்கிலத்தின் தலையிலிருந்து எடுத்த மெழுகில் முதலில் பிரித்தெடுக்கப்பட்டதால், திமிங்கிலத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல் அதன் பெயரில் ஒட்டிக்கொண்டது. இன்று பெரும்பாலும் தாவர எண்ணெயிலிருந்தே எடுக்கிறார்கள். திமிங்கிலம் போய்விட்டது, சொல் தங்கிவிட்டது.

விலையைப் பார்க்காமல் பொருளைப் பார்த்தால் குப்பிகளுக்குள் உறவுமுறை தெரிகிறது. கிளிசரின் நீரை ஈர்த்து வைக்கும். அதை 1779ல் ஆலிவ் எண்ணெயிலிருந்து கண்டெடுத்தவர் ஷீலே. வாசலினில் உள்ள பெட்ரோலேட்டம் எதையும் ஈர்ப்பதில்லை. தோலிலுள்ள நீர் ஆவியாகாமல் மூடிபோட்டுக் காக்கும். இதற்கு அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது 1872ல். இந்த இரண்டின் ஏதோவொரு சேர்க்கைதான் ஏறத்தாழ எல்லா ஈரப்பூச்சுகளும். இன்னும் வேடிக்கை, மாமியாரின் சிவப்பழகு க்ரீமிலும் உறவுப்பெண்ணின் விலையுயர்ந்த சீரத்திலும் தலைமைப் பாத்திரம் ஒன்றே: நியாசினமைடு. பி3 வைட்டமினின் ஒரு வடிவம். நிறமி மேல்தோல் செல்களுக்குக் கைமாறுவதைச் சற்றே தடுக்கும். பெரிய தீங்கு செய்யாது. 1975ல் இந்தியச் சந்தைக்கு வந்த ஃபேர் அண்ட் லவ்லி 2020ல் க்ளோ அண்ட் லவ்லி ஆனதை அறிவோம். 'வெளுப்பு' என்ற சொல் 'பொலிவு' என்றாகிவிட்டது. சொல்மாற்றத்தால் பொருள் மாறிவிடுவதில்லை என்று ஒரு தமிழாசிரியருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மகளின் குழாய்க்கு மட்டும் இந்த இலக்கணம் பொருந்தவில்லை. அதில் பட்டியலே இல்லை. மூன்று பெயர்களும் அவற்றின் அளவுகளும் மட்டும். ஹைட்ரோகுவினோன் 2 சதவீதம், ட்ரெடினோயின் 0.025, மொமெடசோன் 0.1. ஓரத்தில் ஒரு சிவப்புக்கோடு. பதிவுபெற்ற மருத்துவரின் சீட்டின்றி விற்கலாகாது என்ற எச்சரிக்கை, உருப்பெருக்கி இல்லாமல் நம் கண்ணுக்குப் புலப்படாத எழுத்தில். மகள் வாங்கியது சீட்டில்லாமல்; அறைத்தோழி சொன்னாள், கடைக்காரர் எடுத்துக் கொடுத்தார். மொமெடசோன் உள்ளிட்ட ஸ்டீராய்டு பூச்சுகளைச் சீட்டின்றி விற்கக்கூடாது என்று அரசு 2018லேயே விதியை இறுக்கிவிட்டது.

மூன்றும் கெட்ட மருந்துகள் அல்ல. மங்கு விழுந்த முகத்துக்கு, சில வாரங்களுக்கு மட்டும், மருத்துவரின் பார்வையில் தரவேண்டிய கூட்டு அது. முதலாவது நிறமி உண்டாக்கும் நொதியை அடக்குகிறது. இரண்டாவது மேல்தோலை விரைந்து உதிர வைக்கிறது. மூன்றாவதான ஸ்டீராய்டு, மற்ற இரண்டும் கிளப்பும் எரிச்சலைத் தணிக்கிறது. தணிக்கும்போதே இரத்தக்குழாய்களைச் சுருக்கித் தோலை வெளுப்பாகவும் காட்டுகிறது. பொங்கலன்று நாம் வியந்த தெளிவு இதுதான். மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிகிறது. நிறுத்தியதும் சுருங்கிய குழாய்கள் முன்னிலும் விரிந்து முகம் தீயாகிறது. இந்நாட்டுத் தோல் மருத்துவர்கள் இந்நிலைக்கென்றே தனிப்பெயர் வைத்திருக்கிறார்கள். தமிழில் சொன்னால் 'ஸ்டீராய்டு சிதைத்த முகம்'. பெயர் வைக்கும் அளவுக்கு அத்தனை முகங்கள்.

இவ்வளவையும் வாசித்து முடித்தபோது நமக்கு வந்தது சினமன்று, வெட்கம். ஆண்டுதோறும் வகுப்பில் குறுந்தொகை நடத்துகிறோம். மாமை என்றால் மாந்தளிரின் கருமை கலந்த ஒளி, அதுவே பெண்ணின் அழகு, தலைவன் பிரிந்தால் அதன்மேல் படரும் வெளிறிய பசலை நோய் என்று விளக்குகிறோம். வெள்ளிவீதியார் தம் மாமையைப் பசலை தின்கிறதே என்று வருந்துவதைச் சொல்லும்போது குரல்கூடத் தழுதழுக்கும். அதே வாய்தான் பொங்கலன்று பசலையைக் கண்டு தெளிவு என்றது. அந்தச் சொல்லைக் கேட்டுத்தான் அவள் இரண்டாவது குழாய் வாங்கினாளாம். "நீயே நல்லா இருக்குன்னு சொன்னியேம்மா" என்றாள். குற்றம்சாட்டும் தொனியே இல்லை. அது இன்னும் கடினமாக இருந்தது.

மறுநாள் மருத்துவரிடம் போனோம். அவர் குழாயைப் பார்த்ததுமே பெருமூச்சு விட்டார். எத்தனை மாதம் என்று மட்டும் கேட்டார். ஸ்டீராய்டு அல்லாத வேறொரு களிம்பு எழுதிக்கொடுத்தார். முதல் சில நாள் அதுவும் எரியும், பயப்படவேண்டாம் என்றார். மற்றபடி வாசனை சேர்க்காத ஈரப்பூச்சு, காலையில் வெயிற்காப்புப் பூச்சு, அவ்வளவே. மஞ்சள், எலுமிச்சை, கடலைமாவு எதுவும் கூடாதாம். மாமியாருக்கு இதில்தான் மனத்தாங்கல். மஞ்சள் எப்படிக் கெடுதி செய்யும் என்று இன்றும் கேட்கிறார். மெலிந்துபோன தோலுக்கு எந்த உரசலும் உதவாது என்று நாமும் சொல்லிப் பார்க்கிறோம்.

இது நான்காவது மாதம். சிவப்பு இறங்கிவிட்டது, பருக்கள் சில இருக்கின்றன. சென்ற ஞாயிறன்று நம் ஈரப்பூச்சை எடுத்து உருப்பெருக்கியில் பார்த்துக்கொண்டிருந்தவள், "அம்மா, இதுல பர்ஃப்யூம் இருக்கு, எனக்கு ஆகாது" என்று திருப்பி வைத்துவிட்டுப் போனாள்.