ஆஷ் மரத்துக்கு வேம்பு மருந்து

ரொறன்ரோவின் பழைய தெருக்களுக்கு ஒரு காலத்தில் எல்ம் மரங்கள்தான் நிழல் தந்தன. டச்சு எல்ம் என்ற பூஞ்சை நோய் அவற்றை வாரிக்கொண்டு போனது. அந்த இடங்களில் பெருமளவில் வைக்கப்பட்டவற்றில் ஆஷ் மரமும் ஒன்று. விரைவாக வளரும், பனியையும் வீதி உப்பையும் தாங்கும். நான் ஸ்காபரோவுக்கு வந்தபோது எங்கள் தெருவின் இருபக்கமும் அதுவே வரிசையாக நின்றது.

2007இல் மரகதப் பச்சை வண்டு இந்த நகரத்துக்குள்ளும் பிடிபட்டது. ஆசியாவிலிருந்து வந்த பூச்சி. அதன் புழு பட்டைக்கடியில் நெளிநெளியாக அரித்து, மரம் நீரும் உணவும் கடத்தும் வழியை அறுத்துவிடும். நகரில் அப்போது சுமார் 860,000 ஆஷ் மரங்கள் இருந்தன, பெரும்பாலானவை போய்விட்டன.

எங்கள் தெருவில் தப்பிய சிலவற்றுக்குக் கோடையில் மருந்து ஏற்றுவார்கள். அடிமரத்தைச் சுற்றிச் சிறு துளைகள் போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு பிளாஸ்டிக் குப்பியைச் செருகுவார்கள். மரம் அதை உறிஞ்சிக்கொள்ளும். அது வேப்பங்கொட்டையிலிருந்து எடுத்த அசாடிராக்டின் என்று அறிந்தபோது நெஞ்சு நிறைந்துபோனது. ஊரில் அரிசிப் பானைக்குள் வேப்பிலை போட்டு வண்டைத் தடுத்தவர்கள் நாங்கள்.

ஆனாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஊசி போட்டு எத்தனையைக் காப்பது? தெரு முழுக்க ஒரே இனத்தை வைத்ததுதான் இரண்டு முறையும் இழப்பைப் பெருக்கியது. இப்போது மாநகரசபை சிவப்பு ஓக், ஹக்பெரி, ஜிங்கோ எனக் கலந்து வைக்கிறது. கேட்டால் வீட்டு வாசலில் இலவசமாகவே நட்டுத் தருவார்கள்.

எங்கள் ஆட்களில் பலர் வேண்டாம் என்கிறார்கள். இலை கூட்ட வேண்டுமாம், வேர் நிலவறைக்குள் வருமாம். இன்னொரு கார் விட முன்வளவு முழுக்கக் கல் பதிக்கிறார்கள். அடியில் வேர் மூச்சு முட்டிச் சாகிறது. இது எனக்கு ஆறாத கோபம். தனியார் வளவில்கூட 30 சென்ரிமீற்றருக்குக் குறையாத விட்டம் கொண்ட மரத்தை அனுமதியின்றி வெட்ட முடியாது. ஆனால் சட்டம் வந்து தண்ணீர் ஊற்றாது. நட்ட முதல் சில கோடைகளில் வேரடி காயாமல் பார்க்க வீட்டுக்காரர்தான் வேண்டும்.

என் வாசல் ஹக்பெரிக்குக் கிழமைதோறும் குழாயை மெல்லத் திறந்து விடுகிறேன். பக்கத்து வீட்டு அண்ணையும் இப்போது மரம் கேட்டு எழுதியிருக்கிறார். ஹக்பெரி வேண்டாம், ஓக் கேளுங்கோ என்று சொல்லிவைத்தேன்.